இறக்கை முளைத்த குதிரையும் ஆங்கிலப் பாடமும்



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரே வினாவைக் கொண்டுவருகின்றனர். ஹாரி பாட்டர் கதையைப் பிள்ளைகள் படிக்கலாமா? ஆங்கிலம் வளரும் என்று பள்ளியில் பரிந்துரைக்கின்றார்கள். ஆனால் அது முழுக்க மந்திரவாதிகளின் கதை. ஸிஹ்ர் பெரும்பாவம் அல்லவா? வினாவில் உள்ள அச்சம் நியாயமானது. சூனியத்தின் தீமையைச் சூரத்துல் பகராவில் ஹாரூத், மாரூத் வரலாற்றோடு அல்லாஹ் எச்சரித்திருக்கின்றான். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எனினும், சூனியம் செய்வதும் சூனியக்காரன் வரும் கதையைக் கதை என்று அறிந்து படிப்பதும் ஒன்றாகிவிடுமா? இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே இரண்டு இறக்கைகள் வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நபியவர்கள் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தக் குதிரையை அவர்கள் பிடுங்கி எறியவில்லை. பதினொரு பெண்கள் தத்தம் கணவரைப் பற்றிப் பேசிக்கொண்ட உம்மு ஸர்உவின் நீண்ட கதையை அன்னையவர்கள் சொல்ல, நபியவர்கள் இறுதிவரை செவிமடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு.

மறுபுறம், நள்ரு இப்னு ஹாரிஸ் என்பவன் பாரசீக மன்னர்களின் கதைகளைச் சொல்லிக் குர்ஆனைக் கேட்கவிடாமல் மக்களைத் திசைதிருப்பினான். அவன் கண்டிக்கப்பட்டது கதை சொன்னதற்காக அன்று. அக்கதையைக் கொண்டு அல்லாஹ்வின் பாதையை மறித்ததற்காக. நமக்கு அளவுகோல் இதுவே. பிள்ளை கையில் எடுக்கும் நூல் அவனைத் தொழுகையிலிருந்தும் உண்மையிலிருந்தும் அகற்றுகின்றதா என்றே பார்க்க வேண்டும். இதில் கண்டிப்பான கருத்துடைய ஆலிம்கள் இருக்கின்றார்கள். அவர்களை நாம் மதிக்கின்றோம்.

செஞ்சியில் பிறந்த பிள்ளைக்குக் கதை வேறு, நிகழ்ந்தது வேறு என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டே அது வளர்கின்றது. டில்லியில் எவருக்கும் அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்கியதும், மணக்கோலத்தில் இருந்த மகபத்கான் நண்பனின் ஓலை கண்டு அப்படியே போர்க்களத்துக்குப் புறப்பட்டதும் நாட்டுப்பாடல் தரும் செய்திகள். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்கும் தேசிங்குக்கும் வரிப் பாக்கி குறித்து மூண்ட பகையும், 1714-இல் தேசிங்கு போரில் மாண்டதும் வரலாறு தரும் செய்திகள். கோட்டைக்குள் சாதத்துல்லாகான் பெயரில் பள்ளிவாசல் நிற்கின்றது. அவரை எதிர்த்து இந்து மன்னனுக்காக உயிர்விட்ட மகபத்கானும் முஸ்லிமே. இவ்விரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகள் மனத்தில் ஏற்றிருக்கின்றார்கள். பறக்கும் துடைப்பக்கட்டை ஒன்று அவர்களது ஈமானை அசைத்துவிடும் என்று நாம் நம்பவில்லை.

ஆகவே ஹாரி பாட்டரைத் தடுக்க வேண்டும் என்பது நம் வாதம் அன்று. ஜே.கே. ரௌலிங்கின் வாழ்க்கையிலும் பிள்ளைகள் கற்க வேண்டியது உண்டு. 1991-இல் போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகருக்குச் சென்று, ஆங்கிலம் தாய்மொழியல்லாதோருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அவர். பிறகு கைக்குழந்தையோடு எடின்பரோவில் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார். பதிப்பகங்கள் பல திருப்பி அனுப்பிய கதை 1997-இல் வெளிவந்தபோது முதல் அச்சில் ஐந்நூறு படிகளே கட்டப்பட்டன. ஓர் எழுத்தாளரின் வாழ்வையும் எழுத்தையும் இணைத்து ஆங்கிலம் கற்பிக்கும் முறை நல்ல முறை. வெறும் இலக்கண விதிகளை மனனம் செய்த பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றது. அந்த மனிதருக்கு அடுத்து என்ன நேர்ந்தது என்று அறியத் துடிக்கும் பிள்ளை அகராதியைத் தானே புரட்டுகின்றது.

நம் கேள்வி வேறு. அந்த எழுத்தாளர் ஏன் நம்மவராக இருக்கக் கூடாது?

மாயக் கற்பனைக் கதையை ஆங்கிலத்தில் எழுதிய முஸ்லிம் பெண்மணி ஒருவர் ரௌலிங்குக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே நம் நாட்டில் இருந்தார். அவர் வங்காளத்தின் பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன். 'சுல்தானாவின் கனவு' என்னும் அவரது கதை முதன்முதலில் 1905-இல் அச்சேறியது கல்கத்தாவில் அன்று, நம் சென்னையில். கமலா சத்தியநாதன் என்னும் கிறித்தவப் பெருமாட்டி 1901-இல் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் அது வெளிவந்தது. வங்கத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இப்பெயர், அக்கதையை முதலில் அச்சிட்ட தமிழ்நாட்டில் எத்தனை முஸ்லிம் வீடுகளுக்குத் தெரியும்?

அவரது இளமையைக் கேளுங்கள். 1880-இல் ரங்கப்பூர் மாவட்டத்தின் பைராபந்து என்னும் ஊரில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் உருது பேசப்பட்டது. அரபும் பாரசீகமும் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டன. வங்காளியும் ஆங்கிலமும் விலக்கப்பட்டன. ஊர் உறங்கிய பின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராஹீம் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் உருது, தெருவில் தமிழ், மக்தபில் அரபு, பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே தடுமாறும் செஞ்சிப் பெண்பிள்ளைக்கு இந்த வாழ்க்கையை விளக்கவே தேவையில்லை. அவள் வீட்டுக் கூடத்திலேயே அது நடக்கின்றது.

கணவர் சகாவத் ஹுசைன் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். மனைவியின் ஆங்கிலத்தை ஊக்குவித்தவர். அவர் சுற்றுப்பயணம் சென்றிருந்த நாள்களில் பொழுதுபோக்காக எழுதப்பட்டதே இக்கதை. திரும்பி வந்தவர் உட்காரவும் மறந்து நின்றபடியே படித்து முடித்து, ஆண்கள் மீது பயங்கரமாகப் பழிவாங்கியிருக்கின்றாய் என்று பாராட்டினாராம். அப்படிப்பட்ட கணவருக்கும் நம் பிள்ளைகளின் பாடத்தில் இடம் வேண்டும், ஆண்பிள்ளைகளுக்குக் குறிப்பாக.

கதையில் சுல்தானா என்னும் பெண் சாய்வுநாற்காலியில் அமர்ந்தபடி பெண்டிர் நாடு ஒன்றுக்குச் செல்கின்றாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கின்றனர். பெண்கள் வெளியே நடமாடி ஆட்சி புரிகின்றனர். மேகத்திலிருந்து நீரைக் குழாய்வழி இறக்கிக்கொள்கின்றனர். சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கின்றனர். படையெடுத்து வந்த பகைவரை அதே வெப்பத்தைக் கொண்டு விரட்டுகின்றனர். ஆகாய ஊர்தியில் பயணிக்கின்றனர். ரைட் சகோதரர்கள் பறந்து ஈராண்டுகூட நிறைவுறாத காலத்தில், கோஷாவில் வளர்ந்த இளம்பெண் எழுதியவை இவை. மந்திரக்கோல் எதுவும் இதில் இல்லை. பல்கலைக்கழகத்தில் பெண்கள் பயின்ற அறிவியலே இத்தனையையும் செய்கின்றது. ஸிஹ்ர் குறித்து அஞ்சும் பெற்றோருக்கு இதைவிட ஏற்ற கதை கிடைப்பது அரிது.

மொழிப் பாடத்துக்கும் இது எத்தனை வாகானது என்பதை வகுப்பில் கண்டிருக்கின்றோம். கதையின் பெரும்பகுதி இரு பெண்களின் உரையாடல். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சிக்கு வேறு நூல் தேட வேண்டாம். 'இஃப்', 'வுட்' வரும் நிபந்தனை வாக்கியங்களில்தான் நம் பிள்ளைகள் மிகவும் இடறுகின்றார்கள். மழை பெய்தால் குடை எடுப்பேன் என்பதையே எத்தனை முறை எழுதுவது? ஆண்கள் அடுக்களையில் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறவாத பெண்ணும் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொல்வாள்.

கதையோடு நிறுத்திவிடலாகாது, வாழ்க்கையையும் தொடர வேண்டும். 1909-இல் கணவர் மறைந்தார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் ஒதுக்கி வைத்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி தொடங்கினார் ரொக்கேயா. குடும்பப் பிணக்கால் அங்கிருந்து கல்கத்தா சென்று, 1911 மார்ச் 16 அன்று எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். பள்ளிக்கு வாங்கிய மோட்டார் வண்டியை நாற்புறமும் அடைத்ததால் வெப்பம் தாளாமல் பிள்ளைகள் மயங்கினர். அடைப்பை நீக்கித் திரை கட்டினால், காற்றில் திரை பறக்கின்றது, கோஷா கெடுகின்றது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் மறுமொழி எழுதுக என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். நூலகத்துக்கு விண்ணப்பம் எழுதுக என்னும் பழைய பயிற்சியைவிட அது எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். ரொக்கேயா கோஷாவைக் கண்டித்தவர் அல்லவா, அவரை மத்ரஸா வாசலுக்குள் அழைப்பதா? அவர் எழுதிய அனைத்தையும் நாமும் ஏற்பதில்லை. சமயம் குறித்து இளமையில் அவர் எழுதிய சில கட்டுரைகள் அன்றே எதிர்ப்புக்கு உள்ளாயின. ஆயினும் அவர் சாடியது, பெண்ணை நோயிலும் ஆபத்திலும்கூட வெளியே விடாத அடைப்பு முறையை. மார்க்கம் சொன்ன ஹிஜாபுக்கும் ஜமீன்தார்கள் கட்டிய மதிலுக்கும் உள்ள தொலைவை அறியாதோர் அவரைப் படித்தால் குழம்புவார்கள். அறிந்தோர்க்குத் தெளிவே கூடும். முஸ்லிம் பெற்றோர் நம்பிக்கையோடு பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்பதற்காகத் தம் பள்ளியில் திரையைப் பேணியவர் அவர். குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓத வேண்டும் என்று வலியுறுத்தியவர். இந்த நுட்பத்தைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால்தான், இப்பாடம் மத்ரஸாவிலேயே நடக்க வேண்டும் என்கின்றோம்.

தமிழிலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. கண்டி சித்திலெப்பை 1885-இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் 'காதலா? கடமையா?' என்னும் புதினத்தை வெளியிட்டார். அவர்களைப் பற்றித் தனியே எழுத எண்ணம் உண்டு, இன்ஷா அல்லாஹ்.

பத்தாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்த நினைக்கும் அத்தாமார்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். கோட்டை கடந்த 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சாதத்துல்லாகான் பள்ளிவாசல் வாசலில் நின்று, இதைக் கட்டியவர் யார், மகபத்கான் யார் என்று வெளிநாட்டார் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்லப்போவது யார்? நம் வீட்டுப் பெண்ணா, கைப்பேசியில் எதையோ படித்துவிட்டு வந்த அயலானா?

வரும் விடுமுறையில் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் மக்தபில் இக்கதையைப் படிக்கத் திட்டமிட்டுள்ளோம். சிறிய கதை, ஒரு மாதத்தில் முடியும். ஆசிரியர் மறைந்தது 1932-இல் என்பதால் படியெடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. தாய்மார்களும் வந்து அமரலாம். முதல் பாடத்துக்குச் சூரிய வெப்பத்தில் சமைக்கும் அடுக்களைப் பகுதியை எடுத்திருக்கின்றோம். மே மாதத்தில் ராஜகிரிப் பாறையைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு அதில் ஐயம் எழப்போவதில்லை.