உப்பு விற்கும் கடைக்குச் சாராய உரிமமா?

ஊருக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. அரிசியும் பருப்பும் உப்பும் புளியும் அங்குக் கிடைக்கும். பள்ளிச் சிறுவன் எழுதுகோல் வாங்க வருவான்; வேலை முடிந்து திரும்பும் தாய் அன்றைய உலைக்கு அரிசி வாங்க வருவாள். அக்கடையின் அடுக்கிலேயே சாராயப் புட்டியையும் வைத்து விற்க உரிமம் கொடுத்தால் என்ன என்று கேட்கத் துணிந்த ஒரு கூட்டம் இந்நாட்டில் முளைத்துள்ளது. வரிசை குறையும், கள்ளத்தனம் ஒழியும், வாங்குவார்க்கு எளிதாகும் என்பன அக்கூட்டம் காட்டும் கரணியங்கள்.

இது வெறுங் கற்பனையன்று. 2022 சனவரியில் மராட்டிய அமைச்சரவை, 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய பேரங்காடிகளில் கொடிமுந்திரித் தேறலை விற்கலாம் என முடிவு செய்தது. மக்கள் எதிர்ப்பே அதனைத் தடுத்தது. அதற்கு முன் 2020இல் சார்க்கண்டு, ஒரிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்கள் வீட்டு வாயிலுக்கே புட்டியைக் கொண்டு சேர்க்க வழிவிட்டன. தமிழ்நாட்டிலோ, 2023இல் திருமணக் கூடங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் குடி பரிமாறத் தனி உரிமம் அறிவிக்கப்பட்டது. கண்டனம் எழுந்த பின்னரே திருமணக் கூடங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டில் சென்னைக் கோயம்பேட்டுப் பேரங்காடி ஒன்றின் குடிக்கடைக்குள் தானே புட்டி தரும் பொறியும் நிறுத்தப்பட்டது. மணக்கூடத்தின் கதவைத் தட்டிப் பார்த்தவர்கள் மளிகைக் கடையின் கதவைத் தட்ட நாணுவார்களா?

இக்கேள்வியைத் தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் நின்று கேட்க வேண்டும். தென்பெண்ணையாற்றுப் பக்கத்து இப்பேரூர் 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1937 அக்டோபர் 1ஆம் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மண் அந்தச் சேலம் மாவட்டமே. அதனைக் கொண்டுவந்த இராசகோபாலாச்சாரியார்மேல் தமிழர்க்குள்ள வழக்குத் தீராதது. அடுத்த ஆண்டே பள்ளிகளில் இந்தியைத் திணித்த கை அவர் கை. ஆயினும் ஒருவர் செய்த தீமையைக் கடிவது போன்றே அவர் செய்த நன்மையை ஒப்புவதும் அறமே. அன்று சாராயக் கடை மூடப்பட்டதால் உழவன் வீட்டில் உலை கொதித்தது. அந்த மண்ணில்தானா இன்று உலையரிசி விற்கும் கடையிலேயே சாராயம் நுழைய வேண்டும்?

சந்துக்கடையை ஒழிக்கவே உரிமம் என்பது முதற் சூழ்ச்சி. தருமபுரி, சேலம் பக்கத்தார்க்குச் சந்துக்கடை என்றால் என்னவென்று விளக்க வேண்டுவதில்லை. அரசுக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். மூடியிருக்கும் பொழுதெல்லாம் அங்கு வாங்கிய புட்டியையே கூடுதல் விலைக்கு விற்பது சந்துக்கடை. அதன் ஊற்று அரசுக் கடையே. ஊற்றை அடைக்காமல் வாய்க்காலுக்கு உரிமம் தருவது எவ்வகை ஒழிப்பு? திருட்டைச் சட்டமாக்கிவிட்டால் நாட்டில் திருடரே இல்லை என்று கணக்குக் காட்டலாம். பொருளைப் பறிகொடுத்தவன் வீடு நிறைந்துவிடாது.

இனி, மளிகைக் கடையின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுக் குடிக்கடையில் கடன் இல்லை. கையில் காசில்லாதவன் அன்று ஒரு நாளேனும் வெறுங்கையோடு திரும்புகிறான். மளிகைக் கடையோ பற்றுக் குறிப்பேட்டில் நடப்பது. வாரம் முழுதும் எழுதிக்கொண்டு, கூலி வாங்கும் நாளில் தீர்ப்பதே ஏழையர் வழக்கம். அக்குறிப்பேட்டில் அரிசிக்கு அடுத்த வரியில் சாராயமும் ஏறினால் என்ன ஆகும்? கூலி வருமுன்பே அது குடிக்கு அடகாகும். கணவன் பெயரில் ஏறிய பற்றை அடைக்காமல் மனைவிக்குப் பருப்பு கிடைக்காது. இன்று அவளுக்குத் துணையாய் நிற்கும் கடைக்காரரே நாளை அவளுக்குக் கடன்காரர் ஆவார்.

சட்டம் வகுத்த வேலிகளும் அங்கே சாயும். 21 அகவை நிரம்பாதவனுக்கு விற்கலாகாது என்பது விதி. அப்பாவுக்கு என்று சொல்லி வரும் பத்து அகவைப் பையனை, அவன் குடும்பத்தோடு நாளும் கொடுக்கல் வாங்கல் உள்ள கடைக்காரர் எங்ஙனம் விரட்டுவார்? மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டர், கம்பைநல்லூர் போன்ற பிற ஊர்களில் 100 மீட்டர் தொலைவுக்குள் பள்ளியோ வழிபாட்டிடமோ இருப்பின் குடிக்கடை கூடாது என்பது 2003ஆம் ஆண்டு விதி. மளிகைக் கடை பள்ளிக்கு எதிரிலும் கோயிலுக்குப் பக்கத்திலும் இருப்பதே ஊரியல்பு. ஆகவே உரிமம் தர வேண்டுமானால் இவ்விதியையே முதலில் கொல்ல வேண்டும்.

குடிக்கடை வீட்டருகே வந்தால் என்ன நேரும் என்பதை நாடு ஏற்கெனவே கண்டுள்ளது. 2016 திசம்பர் 15இல் உச்ச நயன்மன்றம் நெடுஞ்சாலைக் குடிக்கடைகளை அகற்றப் பணித்தது. அகற்றிய கடைகளை மூடிவிடாமல் குடியிருப்புகளுக்குள் கொண்டுவர முயன்றனர் ஆட்சியாளர். 2017இல் ஊர்தோறும் தாய்மார் தெருவில் இறங்கினர். திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் அவ்வாறு இறங்கிய பெண்ணொருத்தி காவல் அதிகாரியின் கையால் கன்னத்தில் அறை வாங்கினாள். வாங்குவார்க்கு எளிது என்று வாதிடுவோர், அந்த அறையைத் தாங்கியவளிடம் ஒருமுறையேனும் கருத்துக் கேட்டார்களா?

வருவாய் இல்லாமல் அரசு எப்படி நடக்கும் என்பது அடுத்த புலம்பல். மதுவிலக்கால் நேர்ந்த இழப்பை ஈடுகட்டவென்றே 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி புகுத்தப்பட்டது. 1971 அகத்து 30இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது அவ்வரி நீக்கப்பட்டதா? இல்லை. விலக்குக்கு ஈடாக வந்த வரியும் நின்றது. விலக்கை உடைத்து வந்த பணமும் சேர்ந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே கைக்கொண்டது. 2003-04இல் ஏறத்தாழ 3,640 கோடி உருபாவாக இருந்த குடி வருவாய், 2023-24இல் 45,855 கோடியைக் கடந்தது. இருபதே ஆண்டில் பன்னிரண்டு மடங்கு! இத்தனையும் எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது? 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்! விலக்கு என்று பெயரிட்டு விற்பனை செய்யும் கயமைக்கு உலகில் ஈடுண்டோ? அரசே விற்றால் கள்ளச் சாராயம் ஒழியும் என்றனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது.

பழந்தமிழன் குடித்தானே, அதியமானும் ஔவையும் கள் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறதே என்று சிலர் புலமை காட்டுவர். அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. தன்னிடம் இருந்ததைப் பாணரோடும் புலவரோடும் பகிர்ந்துண்டவன் அவன். குடிமக்களுக்குக் கள் விற்ற காசில் படை நடத்தினான் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்து, அதனை அரசியலும் அமைச்சியலும் பேசும் பொருட்பாலில் வைத்தார். குடி ஒருவனது தனிக்குறை மட்டுமன்று, நாட்டைக் கெடுக்கும் நோய் என்பதே அதன் கருத்து. வள்ளுவருக்குக் குமரி முனையில் 133 அடிச் சிலை எடுத்தவர்கள் அவ்வதிகாரத்தை மட்டும் படியாமல் விட்டது ஏன்?

ஒன்றை நெஞ்சில் வைக்க வேண்டும். இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13இல் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1969 சனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. உயிர் கொடுத்துப் பெற்ற அப்பெயரை ஆங்கில முதலெழுத்துகளாய்ச் சுருக்கி, ‘டாசுமாக்கு’ எனக் குடிக்கடையின் தலையில் மாட்டி வைத்துள்ளனர். அதனையே மளிகைக் கடைப் பலகைக்கும் ஏற்ற இடந்தரலாமா?

தமிழில் குடி என்பது குடும்பத்தையும் குறிக்கும், குடிப்பழக்கத்தையும் குறிக்கும். ஒன்று வாழ மற்றொன்று வீழ வேண்டும். வணிகர் சங்கங்கள், எந்நாளும் எம் கடையில் சாராயம் விற்கோம் என்று இன்றே உறுதி எழுதித் தரட்டும். பேரூராட்சி மன்றங்கள் இத்தகைய உரிமத்தை ஏற்கோம் என்று தீர்மானம் இயற்றட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் தாய்மார் இவ்வொரு கேள்வியை முதலில் கேட்கட்டும். 1937இல் விலக்குக்கு வழிகாட்டிய மண்ணில் கம்பைநல்லூர் இதற்கு முதற் குரல் கொடுக்கட்டும், தமிழகம் பின்தொடரும்!