பெல்ட் கவரைத் திறந்து பார்க்கும் சட்டம் எங்கே?

2025 நவம்பர் 21 அன்று இந்தியாவின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. வேலைநேரம், பணிக்கொடை, ஆட்குறைப்பு பற்றியெல்லாம் அன்றிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். ஓடுகிற பெல்ட்டையும் அதன் மூடிக்குள் சேரும் தூசியையும் பற்றிப் பேச ஆளில்லை. கேரளத்தின் சூரியநெல்லி போன்ற மலையூர்களுக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினை.

சூரியநெல்லியில் ஜீப் பிடித்து கொழுக்குமலைக்கு ஏறுகிறவர்கள் தேயிலைச் சரிவுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சரிவுகளுக்குப் பின்னால் தேயிலைத் தொழிற்சாலைகளும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களும் இருக்கின்றன. ஸ்டோரில் விறகு அடுப்பு இரவெல்லாம் எரியும். காய்ந்த காயை மெஷினில் போட்டுத் தேய்த்துக் காம்பையும் சருகையும் உதிர்ப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு ஸ்டோரில், மெஷினின் பெல்ட் கவரை எப்போது கழற்றிச் சுத்தம் செய்வீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். “நட்டெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு சார். சீசன்ல மெஷினை நிறுத்த யாரு விடுவா?” என்றார். இந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை.

பெல்ட் கவர் கையைக் காப்பாற்றுகிறது, அது கட்டாயம் வேண்டும். ஆனால் அதே கவருக்குள் பஞ்சு போன்ற தேயிலைத் துகளும் சருகும் புகுந்து, வெளியே வர வழியில்லாமல் அடைகின்றன. கப்பிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அவை திணிந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு. பேரிங்கில் கசியும் கிரீஸ் தூசியோடு சேர்ந்து களியாகிவிடும். காற்றோட்டம் இல்லாத அந்த இடுக்கில் சூடு இறங்காது. உள்ளே கனன்றுகொண்டிருப்பது புகை வாசனை வரும்வரை வெளியே தெரியாது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது புரிந்திருந்தது. 21-ஆவது பிரிவு இயந்திரத்துக்குத் தடுப்பு கேட்டது. 37-ஆவது பிரிவு, தீப்பற்றி வெடிக்கக்கூடிய தூசி சேரவிடாமல் அகற்றச் சொன்னது. மூடு என்றதும் சுத்தம் செய் என்றதும் ஒரே சட்டத்தின் இரண்டு கைகள். மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். நான்கில் பணியிடப் பாதுகாப்புக்கான புதிய தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. பாதுகாப்பு விவரங்களையெல்லாம் அரசு வகுக்கும் தரநிலைகளின் பக்கம் தள்ளிவிட்டது. ஆய்வாளரின் பெயரோடு ‘உதவுபவர்’ என்பதையும் ஒட்டவைத்து, அவர் எங்கே போக வேண்டும் என்பதைக் கணினிக் குலுக்கலுக்கு விட்டிருக்கிறது.

மூடிவிட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அந்த ஆலையில், சேமிப்புக் கலன்களுக்கு அடியே சர்க்கரை கொண்டுபோகும் பெல்ட் பல காலம் திறந்தே ஓடியது. சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாது என்று 2007-இல் அதற்கு எஃகுக் கூடு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கூட்டுக்குள் சேரும் தூசியை உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்யவில்லை. 2008 பிப்ரவரி 7 இரவு அந்தக் கூட்டுக்குள் வெடித்தது. சூடேறிய ஒரு பேரிங் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. முதல் வெடிப்பின் அதிர்ச்சியில் தரையிலும் உத்தரங்களிலும் படிந்திருந்த சர்க்கரைத் தூசி கிளம்பி, கட்டடம் கட்டடமாக வெடித்துப் பரவியது. 14 பேர் இறந்தார்கள். தூசிப் படிவுக்கு அந்நாட்டுத் தீப்பாதுகாப்பு வழிகாட்டுதல் வைத்திருந்த எல்லை அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஏடிஎம் அட்டையின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம் ஸ்டோர்களின் உத்தரத்தில் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். அட்டை மூழ்கிப்போகும்.

சிறு தொழில்களுக்குச் சுமை குறைகிறது என்கிறார்கள் புதிய தொகுப்பின் ஆதரவாளர்கள். ஸ்பேனர் எடுத்து நான்கு நட்டைக் கழற்றுவது சுமையா? இந்த வாதத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை. மறுபக்கம், தொகுப்பை அமல்படுத்த மாட்டோம் என்றார் அப்போதைய கேரளத் தொழிலாளர் அமைச்சர் சிவன்குட்டி. அந்த அறிவிப்பு ஒரு கவரைக்கூடத் திறக்கவில்லை. தொழிற்சங்கங்களும் கூலியைப் பற்றிப் பேசிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தூசியைப் பற்றிப் பேசியதில்லை.

தூசி அடையும் பெல்ட் கவரின் கதிதான் தோளில் மாட்டிப் புல்வெட்டும் மெஷின்களுக்கும். கோடையில் காய்ந்த புல் என்ஜின் இடுக்கிலும் சைலன்சர் ஓரத்திலும் அடைகிறது. சைலன்சரில் பொறியைத் தடுக்கும் சிறு கம்பிவலையை, கரி அடைத்து இழுவை குறைகிறது என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்களை எரியும் புல் சூழ்ந்துகொண்டது. 23 உயிர்கள் போயின. அந்தத் தீக்கும் மெஷினுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. மார்ச் மாதத்தில் இந்தச் சரிவின் புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை என்கிறேன்.

ஆள் எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்பை அளப்பதையே கைவிட வேண்டும். பெல்ட் ஓடும் இடம் எதுவானாலும், இரண்டே பேர் வேலை செய்தாலும், சட்டம் அங்கே நுழைய வேண்டும். வாரம் ஒரு முறை மெஷினை நிறுத்தி, கவரைக் கழற்றி, உள்ளே இருப்பதை அள்ளி எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், இனி இந்த மலையில் எந்த ஸ்டோர் எரிந்தாலும் அதைப் பற்றவைத்தது 2020-இல் இந்தத் தொகுப்பை நிறைவேற்றிய நாடாளுமன்றம்தான் என்று நான் எழுதுவேன். அடுத்த ஏலக்காய் சீசனுக்குள் அந்தத் துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றியாக வேண்டும்.