ராஜினாமாவும் புதிய தலைமையும்: சித்தூர், திருப்பதி ஆந்திர காங்கிரசுக்குச் சொல்வது என்ன?

திருப்பதி: ஆந்திரப் பிரதேச காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவியை கிடுகு ருத்ரராஜு 2024 ஜனவரி 15 அன்று ராஜினாமா செய்தார். மறுநாளே ஒய்.எஸ்.ஷர்மிளா அப்பதவிக்கு நியமிக்கப்பட்டார். தமது தெலங்கானா கட்சியைக் கலைத்து காங்கிரசில் இணைந்து இரண்டு வாரங்கள்கூட ஆகாத நிலையில் இந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது.

தலைவரைத் தேர்ந்தெடுக்க உட்கட்சித் தேர்தல் நடைபெறவில்லை. டெல்லி மேலிடமே முடிவெடுத்தது. கணக்கு வெளிப்படையானது. 2014 மாநிலப் பிரிவினைக்குப் பிறகு ஆந்திர சட்டப்பேரவையில் காங்கிரஸ் ஓர் இடத்திலும் வெல்லவில்லை. மறைந்த முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஆதரவாளர்கள் பெரும்பாலும் அவரது மகன் ஜெகன்மோகன் ரெட்டியின் கட்சிக்குச் சென்றுவிட்டனர். அவர்களைத் திரும்ப அழைக்க மகளே தகுந்தவர் என மேலிடம் கருதியது.

இழப்பின் அளவைச் சித்தூர் வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். இப்பகுதியைச் சேர்ந்த கிரண்குமார் ரெட்டி, பிரிவினையை எதிர்த்து 2014 பிப்ரவரியில் முதல்வர் பதவியையும் கட்சியையும் துறந்தார். பின்னர் காங்கிரசுக்குத் திரும்பிய அவர், 2023-இல் பாஜகவில் இணைந்தார். பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டி, பூமன கருணாகர் ரெட்டி போன்றோர் அதற்கு முன்பே ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு மாறியிருந்தனர். தலைவர்களோடு கிராம அளவிலான கட்சி அமைப்பும் கரைந்தது.

புதிய தலைமையால் பலன் கிடைத்ததா? திருப்பதி மக்களவைத் தொகுதியில் 2021 இடைத்தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சிந்தா மோகன் பெற்றவை 9,585 வாக்குகள். 2024-இல் அவரே மீண்டும் போட்டியிட்டு 60 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார். ஆனால் இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு குறைவு. ஆறு முறை அத்தொகுதியின் எம்.பி.யாக இருந்த அவருக்குச் சொந்தச் செல்வாக்கும் உண்டு. எனவே உயர்வு முழுவதையும் ஷர்மிளாவின் கணக்கில் சேர்க்க இயலாது.

அண்ணனின் வாக்குகளைத் தங்கை பிரிப்பார் என்ற கணிப்பும் இங்கு ஜெகன் கட்சியை வீழ்த்தவில்லை. அக்கட்சியின் குருமூர்த்தி 14,569 வாக்குகள் வித்தியாசத்தில் பாஜகவைத் தோற்கடித்தார். கடப்பாவில் போட்டியிட்ட ஷர்மிளா மூன்றாமிடம் பெற்றார். மாநில அளவில் சட்டப்பேரவைத் தேர்தல் வாக்கு விகிதம் 1.17-இலிருந்து 1.72 சதவீதமாக மட்டுமே உயர்ந்தது.

தலைவரை ஒரே நாளில் மாற்றிவிடலாம். வாக்குச்சாவடி முகவர்களை ஒரே நாளில் உருவாக்க முடியாது. சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ளூர்த் தலைவர்களை மீண்டும் வளர்த்தெடுப்பதே காங்கிரஸ் முன்னுள்ள உண்மையான சோதனையாகும்.