நூறு மார்க் ஆஸ்பத்திரிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் 'நூறு சதவிகிதத் தேர்ச்சி' என்று பள்ளிக்கூடங்கள் பேனர் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சில பள்ளிகள் அந்த நூறை எப்படிப் பிடிக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரியும். தேறமாட்டான் என்று தோன்றுகிற பையனுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் ஃபெயிலாக ஆள் ஏது?

அமெரிக்காவில் கிட்னி, லிவர், இதயம் மாற்றும் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது அரசாங்கமேதான்.

அங்கே எஸ்.ஆர்.டி.ஆர். என்ற பதிவகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மையத்துக்கும் ரிப்போர்ட் கார்டு போடுகிறது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் அதில் எல்லோரும் பார்க்கிற கணக்கு. வெளிப்படையாக இருப்பது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் 2007-ல் மெடிகேர் நிர்வாகம் இந்தக் கணக்கில் மிகவும் பின்தங்கினால் அங்கீகாரமே போகலாம் என்று விதி போட்டது. அங்கே பிடித்தது சனி.

வயது, சர்க்கரை வியாதி இதற்கெல்லாம் கணக்கில் சலுகை உண்டு. ஆனால் வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆளில்லாத கிழவரை ஃபார்முலா எப்படிப் பார்க்கும்? டாக்டர் பார்க்கிறார். பார்த்து, 'இவர் வேண்டாம்' என்கிறார். வருடத்துக்குப் பத்து இதயம் மாற்றும் இடத்தில் இரண்டு பேர் போனால் 80 சதவிகிதம், ஒருவர் போனால் 90. இந்தப் பத்து சதவிகிதம் திறமையா, அதிர்ஷ்டமா? எந்தப் புள்ளிவிவரப் புலியும் சத்தியம் பண்ண முடியாது.

நியூவார்க் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரி கதையைக் கேளுங்கள். 2018-ல் அங்கே இதயம் மாற்றிக்கொண்ட ஒருவருக்கு மூளை பாதித்து, நினைவு திரும்பவேயில்லை. மார்க் குறையாமலிருக்க ஒரு வருடம் வரை அவரை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவை வைத்து, 2019 அக்டோபரில் புரோபப்ளிகா செய்தி வெளியிட்டது. இதற்குப் பெயர் வைத்தியமா?

இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் கிட்னிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அங்கே சமீப வருடங்களில் வீணாகிறது. எல்லாப் பழியையும் மார்க் மேல் போட முடியாதுதான். ஆனால் கொஞ்சம் சுமாரான கிட்னியை வாங்கிப் பொருத்தி, ரிசல்ட் கெட்டுப்போவானேன் என்று நினைப்பவரைக் குறை சொல்லவும் முடியாது. விதி அப்படி.

2019-ல் அந்த விதியைக் கைவிட்டார்கள். 2025 ஜூலையில் 103 கிட்னி மையங்களுக்குப் புதுப் பரீட்சை தொடங்கியது. நூற்றுக்கு அறுபது மார்க், எத்தனை பேருக்குச் செய்தாய் என்பதற்கு. தேவலை. ஆனால் சொந்தக்காரர் யாராவது அங்கிருந்து போன் பண்ணி, 'எங்கள் ஆஸ்பத்திரிக்கு 97 சதவிகிதம்' என்றால், நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வாசலிலேயே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்களாம்?