பேரப்பிள்ளை வரும்முன்

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கைக்குழந்தையோடு ஊர் வரும் காலம் இது. வேறு நாட்டுக்கு என்றால் மருத்துவரைப் பார்க்கிறவர்கள், ‘நம்ம ஊர்தானே’ என்று அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். நமக்குப் பழகிய தண்ணீரும் கொசுவும் அங்கே பிறந்த குழந்தைக்குப் புதிது.

அமெரிக்காவில் தட்டம்மை ஊசியை வழக்கமாக 12 மாதத்துக்குப் பிறகே போடுகிறார்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் 6 மாதத்திலேயே போடச் சொல்கிறார்கள். 2 வயது நிறைந்த பிள்ளைக்கு டைபாய்டு ஊசியும் அங்கே உண்டு. பயணத்துக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். டெங்கு கொசு பகலில் கடிக்கும். இரவுக்கு மட்டும் வலை கட்டினால் போதாது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். என் மகள் பேரனுக்குக் கொதித்து ஆறிய நீர் கேட்டபோது உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தாய் கேட்பது குழந்தைக்காக. அதில் ஊரைக் குறைசொல்வது எங்கே வந்தது? நான்தான் அடுப்பை மூட்டினேன்.

பெற்றோர்களே, விமான டிக்கெட் எடுத்த கையோடு குழந்தை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

– ஒரு பாட்டி, பாளையங்கோட்டை