நடைபாதையில் உறங்குவது குற்றமா?

2022 ஏப்ரல் மாதத்தில், தலைநகர் தில்லியின் சரோஜினி நகரில் சுமார் 200 குடிசைகளைக் காலி செய்யுமாறு மத்திய அரசு நோட்டீஸ் கொடுத்தது. ஒரு வாரமே அவகாசம். பல பத்தாண்டுகளாக அங்கு வாழ்ந்துவந்த குடும்பங்கள் எங்கே போவது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குடிசைவாசிகள் உச்சநீதிமன்றத்தை நாடினர். அவர்களில் ஒருவர் பத்தாம் வகுப்பு மாணவி; பொதுத்தேர்வு தொடங்கும் நேரம் அது. ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் கே.எம்.ஜோசப், ஹிருஷிகேஷ் ராய் ஆகியோர் இடிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தனர். கொள்கை எதுவும் இல்லை என்று கூறி மக்களைத் தூக்கி எறிவது ஒரு முன்மாதிரி அரசுக்கு அழகல்ல என்ற பொருளில் அரசு வழக்கறிஞரிடம் கேள்வியும் எழுப்பினர்.

குடிசைகள் ஏன் இடைஞ்சலாயின? 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, தெற்கு தில்லியில் உள்ள ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை மறுகட்டுமானம் செய்ய ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர் அவற்றில் ஒன்று. இருக்கும் 12,970 வீடுகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 25,667 வீடுகள். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். இந்தப் பணத்தை அரசு தன் கருவூலத்திலிருந்து எடுப்பதில்லை. நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வணிக வளாகங்களைக் கட்டி விற்றுத் திரட்டிக்கொள்வது என்பதே திட்டம். அரசு நிலம் விற்பனைச் சரக்காக மாறும்போது, அதன்மீது நிற்கும் குடிசை வெறும் குடிசையாக இருப்பதில்லை. சதுர அடிக் கணக்கில் ஏற்படும் நட்டமாகிவிடுகிறது. பல்லாயிரக்கணக்கான வீடுகளைக் கட்டும் திட்டத்தில் 200 குடும்பங்களுக்கு ஒரு மூலை ஒதுக்க இடமில்லை என்று எவராலும் சொல்ல முடியாது. ஒதுக்க மனமில்லை.

காலையில் குடிசையை இழந்தவர் இரவில் நடைபாதைக்கு வருகிறார். எனவே வீடற்றோர் என்பது தனிப்பட்ட ஒரு மனித வகை அல்ல. ஒவ்வொரு இடிப்பும் அவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். தில்லியில் மட்டும் 46,724 பேர். ஒரே இரவில் தெருக்களில் நடந்து எண்ணிய எண்ணிக்கை இது. மேம்பாலத்தின் அடியிலும், கட்டுமானத் தளத்தின் உள்ளேயும் உறங்கியவர்கள் எத்தனை பேர் விடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நடைபாதையில் உறங்குவது குற்றம் என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். சொல்லளவில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அதே வேலையைப் பின்வாசல் வழியாகச் செய்த சட்டம் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன் வரையறையின்படி பிச்சை எடுக்க வேண்டியதே இல்லை. பிழைப்புக்கான வழி கண்ணுக்குத் தெரியாமல், பொது இடத்தில் திரிவதோ தங்கியிருப்பதோ போதும். பிடிபட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை அடைத்துவைக்கலாம். மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டுவரை. அழுக்குச் சட்டையோடு உறங்கும் ரிக்‌ஷாத் தொழிலாளிக்கும் யாசகருக்கும் போலீஸ்காரரின் கண்ணில் என்ன வேறுபாடு? 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நெருங்கியபோது, தில்லியில் நடமாடும் நீதிமன்றங்களை அமைத்துத் தெருவோர மக்களை இச்சட்டத்தின்கீழ் விசாரித்தார்கள்.

2018 ஆகஸ்ட் 8 அன்று தில்லி உயர்நீதிமன்றம் இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தலைநகரில் செல்லாதவை என அறிவித்தது. வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் ஹர்ஷ் மந்தர். தீர்ப்பளித்தவர்கள் பொறுப்புத் தலைமை நீதிபதி கீதா மிட்டல், நீதிபதி சி.ஹரிசங்கர். அரசு தன் கடமையைச் செய்யத் தவறியதால் தெருவுக்கு வந்தவரை அந்த அரசே தண்டிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 2019 அக்டோபரில், அதே கீதா மிட்டல் தலைமை நீதிபதியாக இருந்த ஜம்மு-காஷ்மீர் உயர்நீதிமன்றமும் அங்கிருந்த சட்டத்தை ரத்து செய்தது.

இவை பெரும் வெற்றிகள்தாம். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு தில்லியின் நடைபாதைவாசி நிம்மதியாக உறங்குகிறாரா? கைது செய்யும் அதிகாரம் போயிற்று. அப்புறப்படுத்தும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. சாலையிலும் நடைபாதையிலும் வைக்கப்பட்ட பொருட்களை முன்னறிவிப்பின்றி அகற்ற நகராட்சிச் சட்டங்கள் இடமளிக்கின்றன. அந்த ‘பொருட்கள்’ எவை? ஒரு கம்பளி, ஒரு அலுமினியப் பாத்திரம், பிளாஸ்டிக் பையில் சுருட்டிவைத்த ஆதார் அட்டை. குப்பை லாரியில் ஏறிப் போன அட்டைக்காக மறுநாள் எந்த அலுவலகத்தின் வாசலில் நிற்பது? 2023இல் ஜி-20 மாநாட்டுக்காகத் தலைநகரம் அழகுபடுத்தப்பட்ட மாதங்களில், சராய் காலே கானில் இருந்த அரசின் இரவுக் காப்பகமே இடிக்கப்பட்டது. உறங்க இடம் கொடுத்த கூரையை இடித்துவிட்டு, தெருவில் ஏன் உறங்குகிறாய் என்று கேட்கும் நிர்வாகம் இது.

மத்தியப் பிரதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2025 தொடக்கத்தில் இந்தூரிலும், அதைத் தொடர்ந்து போபாலிலும், மாவட்ட ஆட்சியர்கள் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆவது பிரிவைப் பயன்படுத்திப் பிச்சை எடுப்பதை மட்டுமல்ல, கொடுப்பதையும் தடை செய்தனர். சட்டமன்றத்தில் விவாதமில்லை, ஓர் அதிகாரியின் கையெழுத்தே போதுமானதாயிற்று.

உலகின் மிகப் பணக்கார நாட்டில் இந்த நாகரிகத் திரையும் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம், பொது இடத்தில் போர்வையோ தலையணையோ அட்டைப் பெட்டியோ விரித்துத் தங்குவதற்கு 295 டாலர் அபராதம் விதித்தது. 2024 ஜூன் 28 அன்று அந்நாட்டின் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் இதைச் செல்லும் என்றது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் இத்தகைய தடைகளைக் கொண்டுவந்தன. 295 டாலர் இருந்தால் அந்த மனிதர் ஏன் அட்டைப் பெட்டியில் உறங்குகிறார் என்ற கேள்வி ஆறு நீதிபதிகளையும் உறுத்தவில்லை. ஹங்கேரி 2018இல் தெருவில் வசிப்பதற்கான தடையை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தது.

மார்க்ஸை வாசித்த தோழர்களுக்கு இதில் வியப்பில்லை. நிலத்திலிருந்து விரட்டப்பட்ட இங்கிலாந்து விவசாயிகளை அலைந்து திரிந்த குற்றத்துக்காகச் சவுக்கால் அடித்ததையும், 1547ஆம் ஆண்டுச் சட்டம் வேலை செய்ய மறுப்பவரை அடிமையாக்கி, தப்பியோடினால் நெற்றியிலோ முதுகிலோ ‘எஸ்’ என்ற எழுத்தைச் சூட்டுக்கோலால் பொறிக்கச் சொன்னதையும் ‘மூலதனம்’ முதல் தொகுதி விரிவாகப் பதிவு செய்கிறது. முதலில் நிலத்தைப் பறி. பிறகு நிலமில்லாதவன் நிற்பதையே குற்றமாக்கு. வரிசை அன்றும் இதுதான்.

ஆனால் மார்க்ஸிடமிருந்தே இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டு, இம்மக்களை ‘உதிரிகள்’ என ஒதுக்கும் பழக்கம் இடதுசாரி அணிகளிலும் இல்லாமலில்லை. சங்கத்தில் சேர்க்க முடியாதவர்கள், வார்டு வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள், ஊர்வலத்துக்கு வராதவர்கள் என்ற கணக்கு அது. தில்லியின் நடைபாதையில் உறங்குவோர் யார் என்று பார்த்தால் இக்கணக்கின் பிழை புரியும். கட்டடத் தொழிலாளர்கள், மூட்டை சுமப்போர், கல்யாண மண்டபங்களில் பரிமாறுவோர், குப்பையிலிருந்து பிளாஸ்டிக் பிரிப்போர், ரிக்‌ஷா இழுப்போர் என எல்லோரும் உழைப்பவர்கள். கூலியில் வாடகை கொடுத்தால் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது என்பதால் நடைபாதையைத் தேர்ந்தவர்களும் உண்டு. சரோஜினி நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் எய்ம்ஸ், சப்தர்ஜங் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே நடைபாதையிலும் சுரங்கப் பாதையிலும் படுத்திருப்போரில் பலர், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கும் நோயாளிகளும் அவர்களின் உறவினர்களும்தான். இவர்களில் யார் உதிரி?

2025 பிப்ரவரி 12 அன்று, வீடற்றோர் காப்பகங்கள் குறித்த வழக்கு விசாரணையின்போதே, உச்சநீதிமன்ற நீதிபதி பி.ஆர்.கவாய், இலவசங்களால் மக்கள் வேலை செய்ய விரும்புவதில்லை என்றும், ஒட்டுண்ணி வர்க்கம் ஒன்றை உருவாக்குகிறோமா என்றும் கேட்டார். தில்லியின் மெட்ரோவையும் மேம்பாலங்களையும் கட்டிய கைகளைப் பற்றி, அந்த மேம்பாலத்தின் அடியில் உறங்குபவருக்குக் கூரை கேட்கும் வழக்கில் எழுப்பப்பட்ட கேள்வி இது.

ஆகவே, தண்டிக்கும் சட்டத்தை நீக்கு என்பதோடு இயக்கம் நின்றுவிட முடியாது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் பம்பாய் நடைபாதைவாசிகளுக்கு நேர்ந்தது நினைவிருக்க வேண்டும்: வாழ்வாதார உரிமை உயிர் வாழும் உரிமையின் அங்கம் என்று உச்சநீதிமன்றம் பொன்னெழுத்துகளில் எழுதியது, அதே தீர்ப்பில் முறையாக நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் அனுமதித்தது. எனவே, வேலை செய்யும் இடத்துக்கு அருகே மாற்றிடம் தராமல் யாரையும் எழுப்பக் கூடாது என்பதே கோரிக்கையாக வேண்டும். இதற்குப் புதிதாகக் கொள்கை எழுத வேண்டியதில்லை. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்று உச்சநீதிமன்றம் 2010இலேயே கூறிவிட்டது. மத்திய அரசின் காப்பகத் திட்ட விதிகள், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், வீடற்றோர் திரளும் பகுதிகளுக்கும் பணியிடங்களுக்கும் அருகே காப்பகம் என்கின்றன. குடும்பமாக உறங்குவோரைப் பிரித்து, ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் அடைத்துவிட்டு, ‘காப்பகம் இருக்கிறதே’ என்று நடைபாதையைக் காலி செய்வது இவ்விதிகளுக்கே எதிரானது.

தமிழகத்திலும் வேலை இருக்கிறது. காலனி ஆட்சியில் பிறந்த 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இங்கே இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தில்லியிலும் காஷ்மீரிலும் நீதிமன்றம் செய்ததை, சமூகநீதி பேசும் சட்டமன்றம் தானாகவே செய்யலாம். செய்யும்படி கேட்க வேண்டும்.

கிளைகள் நாளையே தொடங்கக் கூடிய பணியும் ஒன்று உண்டு. தேர்தல் ஆணைய விதிகளின்படி, வீடற்றவர் வாக்காளராகச் சேர முகவரிச் சான்று தேவையில்லை. படிவம் 6இல் தாம் உறங்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் நேரில் வந்து, அவர் உண்மையில் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அரசின் ஒரு கை அந்த நடைபாதையை முகவரியாக ஏற்கிறது. மற்றொரு கை அங்கிருந்து விரட்டுகிறது. சென்னையில் சென்ட்ரல் எதிரிலும் பாரிமுனையிலும், மதுரையில் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் இரவு பத்து மணிக்குப் பிறகு படிவங்களோடு தோழர்கள் செல்ல வேண்டும்.