விலை இருக்கிறது, விபரம் இல்லை



சுற்றுலா போகும் நம்மவர்களுக்குக் காலிக் கோட்டை மிகவும் பிடிக்கும். 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த கோட்டை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒடுங்கிய தெருக்கள், ஓட்டு வீடுகள், மீரான் பள்ளிவாசல், பழம்பொருள் கடைகள். பார்க்க அழகுதான்.

ஆனால் கடைக்கு வந்துவிட்ட ஒரு பித்தளைப் படிக்கத்துக்கு விலை மட்டும்தான் இருக்கும். அது எந்த ஊர், யாருடைய கல்யாண வீட்டில் வெற்றிலை வட்டாவோடு சபைக்கு வந்தது என்ற விபரம் இருக்காது.

நம் வாவிக்கரை ஊர்களில் 1990இன் இடம்பெயர்வுக்கும் 2004 சுனாமிக்கும் தப்பிய பழம்பொருட்கள் கொஞ்சம்தான். அவையும் இப்போது பழைய பித்தளை வாங்க வருபவரின் தராசில் கிலோ கணக்கில் போகின்றன. கஷ்டத்துக்கு விற்பவரை நாம் குறை சொல்ல மாட்டோம். விற்க முன்னர் ஒரு படம் எடுத்து வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதன் பெயர் என்ன, எதற்குப் பாவித்தது, யாருடைய கல்யாணத்துக்கு வாங்கியது என்று உம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் மௌத்தானால் அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லை.

விற்கத் தேவையில்லாதவர்கள் காத்தான்குடி பூர்வீக நூதனசாலைக்குக் கொடுக்கலாமே. நம் பிள்ளைகள் மரைக்காலையும் கொத்தையும் காலிக்குப் போகாமலே, பெயரோடு பார்க்கட்டும்.